சிற்றாற்று மணலில் ஒரு லத்தீன் மாதுளை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து அருவியைப் பார்ப்பார்கள். கொஞ்சம் குனிந்து மணலையும் பார்க்கலாம். பேரருவியில் விழும் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசிப் பக்கம் இறங்கும்போது, வேகம் தணியும் வளைவுகளில் மணலை ஒதுக்கிவிட்டுப் போகிறது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடியால் பாருங்கள். பெரும்பாலானவை கண்ணாடித் துண்டு மாதிரியான குவார்ட்ஸ் மணிகள். அங்கங்கே கறுப்பு மணிகள். அவற்றுக்கு நடுவே சில சிவப்பு மணிகளும் இருக்கும். கால் மில்லிமீட்டர், மிஞ்சினால் அரை மில்லிமீட்டர். வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே ஒளி புகுந்து வெளியே வரும். இந்தச் சிவப்பு மணியின் பெயர் கார்னெட்.

பெயர் ஆங்கிலத்தில் வழங்கினாலும் பிறந்த வீடு லத்தீன். அந்த மொழியில் மாதுளைக்கு ‘மாலும் கிரானட்டம்’ என்று பெயர். விதை நிறைந்த ஆப்பிள் என்று பொருள். 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி அறிஞர் ஆல்பெர்டஸ் மாக்னஸ், கனிமங்களைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில் இந்தக் கல்லைக் ‘கிரானட்டஸ்’ என்கிறார். கரும்பாறையில் சிவப்பு மணிகள் நெருக்கமாகப் பதிந்திருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் வேறு பெயர் தோன்றாது. உடைத்த மாதுளையேதான்.

அவருக்கு முன்பு இந்தக் கல் வேறு பெயரில் உலவியது. கி.பி. 77-ஐ ஒட்டி முடிக்கப்பட்ட பிளினியின் ‘இயற்கை வரலாறு’ நூலின் கடைசிப் பகுதி முழுக்க மணிக்கற்களைப் பற்றியது. அதில் சிவப்புக் கற்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘கார்பன்குலஸ்’, அதாவது சின்னக் கரித்துண்டு. கனன்றுகொண்டிருக்கும் கரியின் நிறம் என்பதால் வந்த பெயர். அன்றைய ரோமானியருக்கு மாணிக்கமும் கார்னெட்டும் ஒரே கூடைதான். கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த நிறமே பெயராயிற்று.

பிளினி இன்னொரு செய்தியும் சொல்கிறார். ‘அலபாண்டிக்’ என்ற வகைக் கற்கள் ஆர்த்தோசியா என்ற ஊரின் பாறைகளில் கிடைக்குமாம். ஆனால் பட்டை தீட்டப்படுவது அலபாண்டா என்ற ஊரில். இன்றைய துருக்கியின் தென்மேற்கில் இருந்த நகரம் அது. பிறந்த பாறைக்குப் பெயர் கிடைக்கவில்லை, தீட்டிய பட்டறைக்குக் கிடைத்தது. அலபாண்டா என்ற ஊர்ப்பெயர் இடைக்கால லத்தீனில் ‘அலபாண்டினா’ ஆகி, வாய்க்கு வாய் தேய்ந்து ‘அல்மாண்டின்’ ஆகிவிட்டது. இரும்பு மிகுந்த சிவப்புக் கார்னெட்டுக்குக் கனிமவியலில் இன்றும் அதுதான் பெயர். தென்காசி மணலில் நாம் பார்ப்பதும் பெரும்பாலும் இந்த வகையே. நகரம் இடிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பெயர் மட்டும் கல்லோடு ஒட்டிக்கொண்டது.

கார்னெட் என்பது ஒற்றைக் கல் இல்லை, ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒருவரும் உண்டு. நவரத்தின மோதிரத்தில் தேன் நிறத்தில் மினுங்கும் கோமேதகம்தான் அவர். கனிமவியலில் அது ‘கிராசுலர்’ என்ற வகைக் கார்னெட். அந்தப் பெயரும் லத்தீன்தான், மறுபடியும் ஒரு பழம்: ‘கிராசுலேரியா’ என்றால் கூஸ்பெர்ரி. சைபீரியாவில் கிடைத்த வெளிர்பச்சைக் கற்களைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தது. தேன் நிறம், பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று ஆளுக்கொரு நிறம். பிறகு எப்படி எல்லாம் ஒரே குடும்பம்?

விடை கிடைக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜெர்மானியரான மென்ட்சர், எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் கார்னெட்டுக்குள் அணுக்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்று கண்டுபிடித்தார். அணுக்களின் இந்தத் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்குக்குப் படிக அமைப்பு என்று பெயர். கார்னெட்டின் அடிப்படை அலகு ஒரு கனசதுரம். பக்க நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் 160 அணுக்கள் அடங்குகின்றன. ஆக்சிஜன் அணுக்கள் சட்டகமாக நின்று மூன்று அளவில் இடைவெளிகளை உண்டாக்குகின்றன. சிறிய இடத்தை நான்கு ஆக்சிஜன் சூழ்ந்திருக்கும், நடுத்தர இடத்தை ஆறு, பெரிய இடத்தை எட்டு. நம் மணலில் சிறிய இடத்தில் சிலிக்கான், நடுவில் அலுமினியம், பெரிய இடத்தில் இரும்பு. பெரிய இடத்தில் இரும்புக்குப் பதில் கால்சியம் வந்து உட்கார்ந்தால் அது கிராசுலர், நம் கோமேதகம். மக்னீசியம் வந்தால் பைரோப். மாங்கனீஸ் வந்தால் ஸ்பெசார்ட்டின். ஆட்கள் மாறுவார்கள், இருக்கை மாறாது. இந்த ஒரு வாக்கியம்தான் கார்னெட்டின் மொத்தக் கதைக்கும் திறவுகோல்.

சிவப்பு நிறமே அந்த இருக்கையின் வேலை. எட்டு ஆக்சிஜனுக்கு நடுவே உட்கார்ந்த இரும்பு, வெள்ளை ஒளியில் பச்சையையும் மஞ்சளையும் விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது சிவப்பு. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இதே தென்கோடியில், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு மணலும் சிவப்புதான். அதற்கும் காரணம் இரும்புதான். ஆனால் அங்கே வெளுத்த குவார்ட்ஸ் மணியின் மேல் துருப்பிடித்த இரும்பு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அமிலத்தில் ஊறவைத்தால் பூச்சு கழன்றுவிடும். கார்னெட்டின் சிவப்பைக் கழுவ முடியாது. அது மேல்பூச்சு இல்லை, உடம்பின் நிறம்.

இந்த மணி எங்கே பிறந்தது? கேரளத்து அச்சன்கோவில் பக்கமிருந்து தென்கிழக்காக இறங்கும் ஒரு பாறைப் பட்டை தென்காசி வட்டாரத்தை ஊடறுத்துச் செல்கிறது. நிலவியலாளர்கள் இதை அச்சன்கோவில் ஷியர் மண்டலம் என்பார்கள். இரண்டு பெரும் நிலத்துண்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்ட தழும்பு அது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா எல்லாம் முட்டி மோதிக் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாகச் சேர்ந்தன. அந்த நெரிசலில் பழைய கடலடிச் சேறு 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்துக்குப் புதைந்தது. வெப்பம் 800 டிகிரியைத் தாண்டியது, செங்கல் சூளையின் உள்சூடு அது. சேற்றில் இருந்த களிமண் முதலில் அபிரகமாக மாறி, பிறகு அபிரகமும் சிதைந்து, அதிலிருந்த இரும்பும் அலுமினியமும் சிலிக்கானும் ஒன்றுகூடிக் கார்னெட் ஆயின. முழுக்க உருகிவிடாமல், இருந்த இடத்திலேயே இப்படி ஆள்மாறிய பாறைக்கு உருமாற்றப் பாறை என்று பெயர். குற்றால மலையில் வரிவரியாகத் தெரியும் நைஸ் பாறை அந்த இனம்தான்.

அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு காலத்துக்கு முன் நடந்ததை யார் பார்த்தார்கள்? கார்னெட் பார்த்தது. பார்த்ததைக் குறித்தும் வைத்தது. கார்னெட்டும் பக்கத்தில் இருக்கும் கருப்பு அபிரகமும் இரும்பையும் மக்னீசியத்தையும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். வெப்பம் ஏற ஏற, கார்னெட்டுக்குள் மக்னீசியத்தின் பங்கு கூடும். பாறை ஆறியதும் பண்டமாற்று நின்று, கணக்கு அப்படியே உறைந்துவிடும். ஃபெர்ரி, ஸ்பியர் என்ற இருவர் 1978-இல் இந்தப் பண்டமாற்றைச் சோதனைக்கூடத்தில் வெவ்வேறு வெப்பநிலைகளில் நடத்திப் பார்த்து, அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். அன்றிலிருந்து ஒரு கார்னெட்டையும் அதை ஒட்டிய அபிரகத்தையும் அளந்தால் போதும், பாறை கண்ட வெப்பம் தெரிந்துவிடும். கூடவே இருக்கும் வேறு கனிமங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் அழுத்தம் தெரியும். அழுத்தம் தெரிந்தால் ஆழம் தெரியும்.

வெப்பமானியும் ஆழமானியும் ஆனது போதாதென்று கார்னெட் கடிகாரமும் ஆகிறது. அதன் பெரிய இருக்கை லுட்டீசியம் என்ற அரிய தனிமத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. வளரும்போதே சுற்றுப்புறத்தில் உள்ள லுட்டீசியத்தை இழுத்துக்கொள்ளும். அதில் ஒரு வகை கதிர்வீச்சு கொண்டது, மெல்ல மெல்ல ஹாஃப்னியமாக மாறும். பாதி மாறவே சுமார் 3,700 கோடி ஆண்டுகள். பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள்தான். அத்தனை மெதுவான கடிகாரத்திலும் நொடிமுள் நகர்ந்த அளவை அளந்து, கல் எப்போது வளர்ந்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிறந்த ஆழத்திலிருந்து மேலே வந்தது இன்னொரு பயணம். மேலே மூடியிருந்த பாறையை மழையும் வெயிலும் அரிக்க அரிக்க, கீழே இருந்தது உயர்ந்தது. 25 கிலோமீட்டரை 50 கோடி ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 0.05 மில்லிமீட்டர். எண்பது வயது வாழ்கிற மனிதர் கண்ணை மூடுவதற்குள் கல் ஏறியது நான்கு மில்லிமீட்டர். இந்தப் பொறுமையின் கடைசிக் கட்டம்தான் அருவி. பேரருவித் தண்ணீர் முதலில் விழுவது பாறையில் குடைந்த ‘பொங்குமாக்கடல்’ என்ற பள்ளத்தில். வெள்ள காலத்தில் அங்கே கல்லும் மணலும் சுழன்று ஒன்றையொன்று அரைக்கின்றன. அபிரகம் ஏடு ஏடாகக் கிழிந்து போய்விடும். ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நாளடைவில் களிமண்ணாகும். கார்னெட் அசையாது. அதன் கடினம் வைரத்துக்குப் பத்து என்று வைத்த அளவுகோலில் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையே.

பிறகு ஆறு தன் முறத்தை எடுக்கிறது. பாட்டி அரிசியைப் புடைக்கும்போது உமி பறந்து மணி தங்குகிற அதே கணக்கு. இங்கே காற்றுக்குப் பதில் தண்ணீர். குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு எடை, கார்னெட் நான்கு மடங்குக்குச் சற்று மேல். வித்தியாசம் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் தண்ணீருக்குள் முங்கியதும் ஒவ்வொன்றும் தன் கன அளவு தண்ணீரின் எடையை இழக்கிறது. குவார்ட்ஸுக்கு மிஞ்சுவது 1.65, கார்னெட்டுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசம் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டது. அதனால்தான் ஓட்டம் தளரும் வளைவுகளில் கார்னெட்டும் மற்ற கனமான மணிகளும் முதலில் படிந்து, கறுப்பும் சிவப்புமான கோடுகளாகத் தெரிகின்றன.

அந்தக் கோட்டில் கொஞ்சம் மணலை உலர்த்தி, பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். மேக்னடைட் என்ற கறுப்பு மணிகள் துள்ளி ஒட்டிக்கொள்ளும். சிவப்பு மணிகள் அசையாது. கணினி ஹார்டு டிஸ்கில் இருக்கும் வலுவான நியோடிமியம் காந்தத்தை மணலோடு ஒட்டிப் பிடித்தால், அவையும் தயங்கித் தயங்கி நகரும். உள்ளே உட்கார்ந்திருக்கும் இரும்பு வெளியே எட்டிப் பார்ப்பது அந்த நகர்வில்தான். தாதுமணல் ஆலைகளிலும் இதே உத்திதான். காந்தத்தின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டி, இல்மனைட் என்ற தாதுவை முதலில் இழுத்து, அடுத்துக் கார்னெட்டைப் பிரித்து, காந்தத்துக்கு மசியாத சிர்கானைக் கடைசியில் மிச்சமாக எடுக்கிறார்கள்.

சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி புன்னக்காயலில் கடலைச் சேர்கிறது. அங்கே அலை இரண்டாம் முறை புடைக்கிறது. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை கடற்கரையில் கார்னெட் செவ்வரி ஓடுவது இப்படித்தான். அதே கரையில் மோனசைட் என்ற தோரியக் கனிமமும் கலந்திருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். அணுசக்தியோடு தொடர்புள்ள மோனசைட்டும் வந்து சேர்ந்ததால், கார்னெட் மணல் வெறும் மணலாக இருக்க முடியாமல் போயிற்று. முறைகேட்டுப் புகார்களை அடுத்து 2013-இல் தமிழக அரசு கடற்கரைத் தாதுமணல் அள்ளத் தடை விதித்தது நாடறிந்த செய்தி.

இந்தியக் கார்னெட்டுக்கு ஏற்றுமதி புதிதில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ரோமானியப் பானைகளோடு கார்னெட் மணிகளும் கிடைத்தன. அவற்றின் வேதிக் கலவையை அளந்தபோது, தெலங்கானாவின் கரிப்பேட்டைக் கார்னெட்டோடு பொருந்தியது. வேறொரு முனையில், 1653-இல் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரில் பிராங்க் மன்னன் சில்டெரிக்கின் கல்லறை திறக்கப்பட்டது. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறந்தவன். உள்ளே சுமார் 300 பொன் தேனீக்கள், சிறகுகளில் சிவப்புக் கார்னெட் தகடுகள். 1831-இல் திருடு போனது போக இரண்டே தேனீக்கள் மிஞ்சின. அந்தக் கால நகைகளின் கார்னெட்டுகளைப் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் உள்ள துகள் முடுக்கியால் ஆராய்ந்தார்கள். தொடக்க காலத்துக் கற்களில் பெரும்பகுதி இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவை என்று தெரிந்தது.

இன்று பெருமளவு கார்னெட் நகைக்குப் போவதில்லை, வெட்டப் போகிறது. பல கனிமங்களில் பிளவுத்தளம் என்று ஒன்று இருக்கும். அணுப்பிணைப்பு பலவீனமான அந்தத் தளத்தில் அடித்தால் சீராகப் பிளந்துவிடும். அபிரகம் ஏடாக உரிவது அதனால். கார்னெட்டுக்கு அப்படி ஒரு பலவீனத் தளமே இல்லை. அடித்தால் கோணல்மாணலாகத்தான் உடையும், ஒவ்வொரு உடைவிலும் புதுக் கூர்மை பிறக்கும். தண்ணீர்த்தாரை இயந்திரம் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 2,000 மடங்கு அழுத்தத்தில் தண்ணீரை ஒரு நுண்துளை வழியே பீய்ச்சி, அதில் கார்னெட் மணலைக் கலக்கிறார்கள். நிமிடத்துக்கு 300 கிராம் மணல் என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடியில் சுமார் ஒன்றரை லட்சம் மணிகள் ஒலியை விட வேகமாகப் போய் மோதுகின்றன. எஃகும் கிரானைட்டும் கண்ணாடியும் சூடேறாமல், விளிம்பு கருகாமல் அறுபடுகின்றன. கப்பலின் துருவைச் சுரண்டவும் இதே மணல்தான். அதற்கு முன்பு பயன்பட்ட குவார்ட்ஸ் மணலின் தூசு தொழிலாளரின் நுரையீரலைக் கெடுத்து சிலிக்கோசிஸ் நோயைத் தந்தது. கார்னெட்டில் சிலிக்கான் உண்டு, ஆனால் அது தன் இருக்கையில் பூட்டிக்கிடக்கிறது.

ஆட்கள் மாறலாம், இருக்கை மாறாது என்றோமே, மனிதர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய இருக்கையில் இட்ரியம், மற்ற இரண்டிலும் அலுமினியம் என்று உட்காரவைத்தால் ‘யாக்’ என்ற செயற்கைக் கார்னெட் கிடைக்கும். அதில் சிறிது நியோடிமியம் சேர்த்தால் லேசர். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். கண்புரை அறுவைக்குப் பின் லென்ஸின் பின்சவ்வு மங்கிவிட்டால், கண் மருத்துவர் ‘யாக் லேசர் வைக்கணும்’ என்பார். அந்த யாக் இதுதான். நியோடிமியத்துக்குப் பதில் சீரியம் சேர்த்தால், நீல ஒளியை வாங்கி மஞ்சள் ஒளியாகத் தரும் பொடி கிடைக்கும். நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. வீட்டு எல்.இ.டி. பல்பு அணைந்திருக்கும்போது உள்ளே மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் இந்தக் கார்னெட் பொடிதான்.

அடுத்த ஆட்கள் மாற்றத்தைச் செய்தவர்களில் இருவர் தமிழர்கள். மின்கலத்தில் எளிதில் தீப்பிடிக்கும் திரவத்துக்குப் பதிலாக, லித்தியம் அயனிகளைக் கடத்தும் ஒரு திடப்பொருள் கிடைக்காதா என்று உலகமே தேடிக்கொண்டிருந்தது. 2007-இல் ராமசாமி முருகன், வெங்கட்டராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் ஆகிய மூவரும் அப்படி ஒன்றை அறிவித்தார்கள். முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும், தங்கதுரை கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர்களாகப் பணியாற்றியவர்கள். அந்தப் பொருளின் பெரிய இருக்கையில் லாந்தனம், நடு இருக்கையில் சிர்கோனியம். லித்தியம் மட்டும் எந்த இருக்கையிலும் நிலைகொள்ளாமல் இடத்துக்கு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் ஓடுவது அந்தத் தாவலால்தான். அதில் இரும்பில்லை, சிலிக்கான் இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளைப் பொடி. ஆனாலும் உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைக் ‘கார்னெட்’ என்றே அழைக்கிறார்கள்.

ரோமானியர் நிறத்தைப் பார்த்துக் கரித்துண்டு என்றார்கள். ஆல்பெர்டஸ் மாதுளையின் பெயரால் அழைத்தார். இன்றைக்கு அந்தப் பெயர் நிறத்தையும் குறிப்பதில்லை, வடிவத்தையும் குறிப்பதில்லை. 160 அணுக்கள் நிற்கும் ஓர் ஒழுங்கைக் குறிக்கிறது. மின்கல ஆய்வாளர்களுக்கு முன்னால் இப்போது இருக்கும் சிக்கலும் அந்த ஒழுங்கைச் சார்ந்ததுதான். கார்னெட் துகள்களை அழுத்திச் சுட்டு வில்லையாக்கினால், துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில் லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து மின்கலத்துக்குள் குறுக்குச்சுற்றை உண்டாக்கிவிடுகிறது. அந்தச் சந்துகளை அடைப்பது எப்படி என்பதுதான் இன்று கார்னெட்டிடம் கேட்கப்படும் கேள்வி.